தண்ணி கம்பெனி

ஊரில் யார் கேட்டாலும் என் கணவர் ‘தண்ணி கம்பெனி’யில் வேலை பார்க்கிறார் என்றுதான் சொல்வோம். பொய்யும் இல்லை. அரியலூர்ப் பக்கம் சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் நிலையத்தில் அவருக்கு வேலை. கம்பித் தடுப்பில் சிக்கும் குப்பையை வாருவார், தேங்கிய கசடை அள்ளுவார். அங்கேயே குளித்து, பவுடர் பூசிக்கொண்டுதான் விக்கிரமங்கலத்துக்கு பஸ் ஏறுவார். “தெனம் பொண்ணு பாக்கப் போயிட்டு வர மாதிரில்ல வராரு!” என்று பக்கத்து வீட்டு அக்கா கேலி செய்வார். நான் சிரித்து மழுப்பிவிடுவேன்.

போன மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. ஊசி போட்டும் அடங்கவில்லை. கண் சிவந்துவிட்டது, கெண்டைக்காலைத் தொட்டாலே அலறினார். என் அண்ணன் கார் பிடித்து எங்களைப் பெரம்பலூருக்கு அழைத்துப் போனான். சிறுநீர் சரியாகப் போகவில்லை என்றதும் டாக்டரின் முகம் மாறியது.

“வயல் வேலையா? அழுக்குத் தண்ணில எறங்குவாரா?”

“சேச்சே, மாப்பிள்ளைக்குத் தண்ணி கம்பெனிங்க சார். சுத்தமான எடம்” என்றான் அண்ணன், பெருமையாக.

கட்டிலில் கிடந்தவர், சொல்லாதே என்று என்னைக் கண்ணால் கெஞ்சினார். எனக்கு அழுகையை முந்திக்கொண்டு கோபம் வந்தது. உயிரை விட்டா பேரைக் காப்பாற்றுவது?

“குடிக்கிற தண்ணி இல்லைங்க சார். சாக்கடைத் தண்ணி சுத்தம் பண்ற எடம். பூட்ஸ் கிழிஞ்சு குதிகால்ல புண்ணு வேற இருக்கு.”

டாக்டர் அப்போதே மருந்தை மாற்றினார். ரத்தப் பரிசோதனையில் எலிக் காய்ச்சல் என்று வந்தது. எலி மூத்திரம் கலந்த தண்ணீரிலிருந்து புண் வழியாக உடம்பில் ஏறும் கிருமியாம். இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் கிட்னி போயிருக்கும் என்றார்.

அவர் பிழைத்தார். என்னிடம் மட்டும் முகம் கொடுத்துப் பேசவில்லை. “ஊர்ல கேட்டா டெங்குன்னு சொல்லிடு. அதுன்னா கௌரவமா இருக்கும்” என்றான் அண்ணன். காய்ச்சலில்கூட கௌரவமான காய்ச்சல் உண்டு என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அவருக்காகச் சரி என்றேன்.

வீடு வந்த மறுவாரம் பஞ்சாயத்து ஆள் ஒருவர் எங்கள் தெருவுக்குக் கொசுப் புகை அடிக்க வந்தார். தெருச் சாக்கடையை வாருபவரும் அவர்தான். வெறுங்கால். கட்டைவிரலில் கிழிந்த துணியைச் சுற்றியிருந்தார்.

“இந்த வூட்ல டெங்குன்னாங்க, அதான் வந்தேங்க்கா.”

அந்தக் காலைப் பார்த்ததும் என் கணவரின் குதிகால் புண்தான் ஞாபகம் வந்தது. சொல்ல வாய் துடித்தது. கொடுத்த வாக்குக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே படுத்திருந்தவர் சுவரைப் பிடித்தபடி வாசலுக்கு வந்தார். புகைக்குப் பயந்து தெருவே வெளியில்தான் நின்றது.

“டெங்கு இல்லப்பா, எலிக் காய்ச்சல். நானும் சாக்கடைத் தண்ணிலதான் வேலை பாக்கறேன். இந்தப் புண்ணோட எறங்காத. காய்ச்சல் வந்துச்சுன்னா டாக்டர்கிட்ட என்ன வேலைன்னு மொதல்ல சொல்லிடு.”