கூட்டத்துக்கு முன்னால் நடந்தவர்

அக்கா போய் ஓராண்டாகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களும் தோட்டத்து மக்களுமான நீங்கள் அவர் எப்படி இறந்தார் என்பதை அறிவீர்கள். எப்படி வாழ்ந்தார் என்பதைச் சொல்லத் தங்கையான நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

லிந்துலைக்கு மேலே, பனி இறங்கினால் எதிர் லயத்து வீடுகள் தெரியாத எங்கள் தேயிலைத் தோட்டத்தில்தான் அக்கா பிறந்தார். அம்மா சீக்கிரம் காலமானதால் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டார். என்னைப் படிக்க வைத்ததும் கட்டிக் கொடுத்ததும் அவர்தான். அவருக்கு ஒரே மகள். அத்தான் நோயில் போன பிறகு அவளையும் தனியாகவே வளர்த்தார்.

பிறகு தோட்டத்தில் பெண்களையும் கங்காணியாகப் போட்டார்கள். அக்காவுக்கும் அந்த வேலை கிடைத்தது. பெண்களுக்கு நிரை பிரித்துக் கொடுத்து, கொழுந்தைச் சரியாக எடுக்கிறார்களா என்று மேலே நின்று பார்த்தால் போதும். அக்கா அதோடு நிற்கவில்லை. கொழுந்தெடுக்கும் நாங்கள் இறங்குமுன் தனியாகத் தேயிலை மலைக்குள் போவார். ஓடையோரம், பாறை இடுக்கு, மரக்கிளையெல்லாம் பார்த்து, குளவிக்கூடு இல்லையென்று தெரிந்த பிறகே கையசைத்து எங்களைக் கூப்பிடுவார். இதைச் செய்யச் சொல்லி யாரும் அவரிடம் கேட்டதில்லை.

"ஒங்களுக்கு எதுக்குக்கா இந்த வேல? கொட்டுனா ஒங்களத்தான மொதல்ல கொட்டும்?" என்று ஒருநாள் சண்டை போட்டேன்.

"ஒருத்தி போனா போதும்ல. எல்லாரும் எதுக்கு?" என்றார் சிரித்துக்கொண்டே. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சென்ற ஆண்டு மழை விட்டு வெயில் ஏறிய நாட்களில், ஓடையோர மலையில் உயரமான மரமொன்றில் கூடு தொங்குவதை அக்கா பார்த்தார். அன்றே தோட்டத்தை நடத்தும் துரையிடம் சொன்னார். ஆள் அனுப்பி எடுப்பதாகப் பதில் வந்தது. ஆள்தான் வரவில்லை. பார்க்கப் பார்க்கக் கூடு பெருத்தது. காற்று அந்தப் பக்கமிருந்து வீசினால் இரைச்சல் எங்கள் நிரைவரை கேட்கும். பேசிக்கொண்டிருந்த பெண்கள் சட்டென்று வாயை மூடிக்கொள்வார்கள்.

ஒரு காலை, வேலைக்குக் கூடும் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிந்ததும், அன்று அந்த மலையில் கொழுந்தெடுக்க வேண்டுமென்று கணக்கப்பிள்ளை சொன்னார்.

"ஐயா, கூட்ட இன்னும் எடுக்கலங்க. இன்னிக்கு வேற மலைக்குப் போறோம்," என்றார் அக்கா.

"கொழுந்து முத்திப்போச்சும்மா. தொர ஏசுவாரு. மரத்துப் பக்கம் போகாம எடுங்க."

அக்கா மரத்தையொட்டிய நிரைகளை யாருக்கும் கொடுக்காமல், மரத்துக்கும் எங்களுக்கும் நடுவே தாமே போய் நின்றுகொண்டார். பொழுது ஏறிய பிறகு ஒரு பருந்து வட்டமிடுவதைக் கண்டேன். அது இறங்கிக் கூட்டில் அடித்தது.

"ஓடாதீங்க! படங்க மூடிக்கிட்டுப் படுங்க!"

அக்காவின் குரல் கேட்டதும் இடுப்பில் கட்டியிருந்த முரட்டுத் துணிப் படங்கை அவிழ்த்துத் தலையோடு போர்த்திக்கொண்டு தேயிலைக்கடியில் விழுந்தோம். எங்களோடு கொழுந்தெடுக்கும், கால் ஊனமான ராக்கம்மா அக்கா மட்டும் பயந்து ஓடி வடிகால் கானுக்குள் விழுந்துவிட்டார். அக்கா அவரிடம் ஓடினார். தம் படங்கை அவிழ்த்து அவரை மூடி, மேலே தாமும் கவிழ்ந்து படுத்துக்கொண்டார். இரைச்சல் அடங்கி நான் போய்ப் பார்த்தபோது அக்காவின் முகம் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

கொழுந்து லொறியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியில் என் கையைப் பிடித்தார்.

"ராக்கம்மாக்கா?"

"நல்லாருக்காங்கக்கா. நீங்க பேசாதீங்க."

"நாளைக்கு யாரையும் அந்த மலைக்கு விடாத."

அதுதான் அவர் கடைசியாகச் சொன்னது. அன்று மாலையே போய்விட்டார். அடக்கம் முடிந்த மறுநாள் ஆட்கள் வந்து கூட்டை எரித்தார்கள். இந்த வருடம் மேல் மலையில் இரண்டு மூன்று இடங்களில் குளவி கூடு கட்டியிருப்பதாகச் சொல்கிறார்கள்.

அக்காவைக் கானிலிருந்து தூக்கிய தோழிகளுக்கும், லொறியை விரட்டி ஓட்டிய தம்பிக்கும், தாதிமாருக்கும், குழி வெட்டிய பிள்ளைகளுக்கும், இன்றுவரை எங்கள் வீட்டுக்குச் சோறு கொண்டுவரும் ராக்கம்மா அக்காவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அக்காவின் மகள் இந்த மாதம் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்திருக்கிறாள். வேண்டாமென்று எவ்வளவோ சொன்னேன்.

"நீங்க போறீங்கல்ல சின்னம்மா?" என்றாள்.

திங்கட்கிழமை அவளும் எங்களோடு மலைக்கு வருகிறாள். அவளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.