கலுங்கை இடிக்க மாட்டேன்

தொண்ணூறுகளின் கடைசியில் ஓர் ஐப்பசி. நான் அப்போது பாசனப் பிரிவில் ஜூனியர் இன்ஜினியர். காலையில் ஆபீஸுக்குப் போனால், திருநகரைத் தாண்டியிருந்த புது லேஅவுட்காரர்கள் முழங்கால் சேறோடு வாசலில் நின்றார்கள். முன்னால் நின்றவர் ஜவுளிக்கடை வெங்கடேசன்.

"கண்மாயத் தொறந்து விடுங்கம்மா. அடுப்படிக்குள்ள தண்ணி நிக்கிது!"

"கண்மாய்க்குள்ள வீட்டக் கட்டிட்டுத் தொறந்து விடச் சொன்னா எப்படிண்ணே?"

"என்னம்மா பேசுறீங்க? கரை எங்கிட்டுக் கெடக்கு, எங்க வீடு எங்கிட்டுக் கெடக்கு! அம்புட்டுத் தூரம் தள்ளித்தானே வாங்குனோம்!"

அங்கேதான் ஏமாந்திருந்தார்கள். கரையை விட்டு விலகினால் போதும் என்று, கரைக்கு எதிர்ப்பக்கம், தண்ணீர் தேங்குகிற உள்வாயில் இடம் வாங்கிவிட்டார்கள். கண்மாய் நிரம்ப நிரம்பத் தண்ணீர் பின்பக்கமாகத்தான் பரவும். உபரி நீர் வழிகிற கலுங்கு எந்த உயரமோ, அந்த மட்டத்துக்கு உள்வாயின் கடைசிவரை போய் நிற்கும். அதைத்தான் நாங்கள் எஃப்.டி.எல்., கண்மாயின் முழுக்கொள்ளளவு மட்டம் என்போம். அவர்கள் வாங்கிய இடத்தில் கோரை மண்டிக் கிடந்ததே அதனால்தான். விற்றவன் கோரையை அறுத்துவிட்டுக் கல் ஊன்றியிருக்கிறான், பாவி!

மத்தியானம் நான் கலுங்கடியில் இருந்தபோது எங்கள் பெரிய இன்ஜினியர் கடப்பாரை ஆட்களோடு அங்கேயே வந்துவிட்டார்.

"ஒரு அடி மட்டும் தட்டி விட்ரும்மா. என்ன கொறஞ்சு போகுது?"

"கடைமடை நெல்லு கருகிப் போகும் சார்."

கண்மாய் தாம்பாளம் மாதிரி. மேலே ஓரடி என்றால் அத்தனை பரப்புக்கும் ஓரடி. கதிர் வாங்கும் நேரத்தில் கடைசி வயல்களுக்குப் பாய்வது அந்தத் தண்ணீர்தான்.

"மேலருந்து பிரஷர்மா. புரிஞ்சுக்கோ."

"அப்ப நீங்களே இடிங்க சார். நான் மேல ஏறி நிப்பேன், எறங்க மாட்டேன்."

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கலுங்கின் மேல் ஏறி நின்றேன். பாசி வழுக்கியது. பயம்தான். ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது. ஆட்கள் கடப்பாரையைக் கீழே போட்டார்கள். பெரிய இன்ஜினியர் ஜீப்பில் ஏறினார்.

லேஅவுட்காரர்களைப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தேன். அரிசி, பாய், விளக்கு எல்லாம் ஏற்பாடு செய்தேன். கலுங்கை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

அறுப்புக்கு முன்பே எனக்கு மாறுதல் வந்தது. கிளம்பும்போது வெங்கடேசன் வந்தார்.

"ஒரு அடி விட்டுக் குடுத்திருந்தா இங்கேயே இருந்திருக்கலாமேம்மா."

"தண்ணி வத்துன எடத்துல வித்தவன் இன்னும் உள்ள தள்ளி மனை போடுவான்ணே. அப்ப இன்னொரு அடி இடிக்கவா?"



இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்றுதான் சொல்வேன். மாறுதலை வாங்கிக்கொள்ளுங்கள். மட்டத்தைக் கொடுக்காதீர்கள்.