இறந்த தேதிக் கட்டம்

பேட்டையில் எங்கள் தெருவிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்குப் போன முதல் பெண் என் மகள். தொண்ணூறுகளின் கடைசி. தச்சநல்லூரில் ஒரு மாடியில், வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் பழைய காகிதங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற ஆபீஸ். அல்லாஹ் கிருபை செய்துவிட்டான் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

கொஞ்ச நாளிலேயே, "வாப்பா, நான் நின்னுக்கிடுதேன்" என்றாள்.

"ஃபேன் காத்துல உக்காந்து பாக்குற வேலை கசக்குதோ?"

"முழுக் காகிதம் கைக்கே வராது வாப்பா. ஒருத்தி பேரை மட்டும் அடிப்பா, ஒருத்தி ஊரை. எனக்கு இறந்த தேதி. நாள் முழுக்க அது மட்டுந்தான். ஆளு யாரு, என்ன சீக்கு, ஒண்ணும் தெரியாது."

"நான் கடையில பருப்பு நிறுக்கேன். யார் வீட்டுச் சாம்பாருக்குன்னு கேட்டா நிறுக்கேன்?"

"நீங்க கேக்கத்தான் செய்யுதிய வாப்பா."

இப்படிப் பேசினால் மனுஷனுக்கு எரியுமா எரியாதா?

இதற்குள் ஆபீஸிலிருந்து ஆள் வந்தது. என்னை வரச் சொன்னார்களாம். வேலை போய்விடக் கூடாது என்று துஆ கேட்டுக்கொண்டே மாடி ஏறினேன். முதலாளி சின்ன வயசுக்காரர்.

"பாய், உங்க மக ஒவ்வொரு தேதிக்கும் என்னமோ முணுமுணுக்கா. அப்புறந்தான் அடுத்ததுக்குப் போறா. வேலை நவுரல."

புரிந்துவிட்டது. யாராவது இறந்த செய்தி, மவுத்துச் செய்தி, தெரிந்தால் 'இன்னா லில்லாஹி' ஓத வேண்டும் என்று சின்னதிலேயே பழக்கியவன் நான்தான். ஆபீஸுக்கு அது தேதி. அவளுக்கு மவுத்து.

"முழுக் காகிதத்தையும் குடுத்துப் பாருங்க தம்பி. ஒரு ஆளுக்கு ஒரு தடவை ஓதிட்டு, எல்லாக் கட்டத்தையும் அவளே அடிச்சிருவா."

"முழுசாக் குடுத்தா கதை படிச்சுக்கிட்டு உக்காந்திருவாளுவ பாய். ஏற்கனவே பாதிப் பேரு நின்னுட்டாளுவ. டீ, பிஸ்கட்டு, மாசம் ஒரு பரிசு, எல்லாம் குடுத்துப் பாத்துட்டேன். இன்னும் என்னதான் வேணுமாம்? சரி, உங்களுக்காக இவள பின்கோடுக்கு மாத்திருதேன். அங்கன ஓத ஒண்ணும் இல்லைல்லா?"

நல்ல பையன்தான். வேலையைக் காப்பாற்றித் தரத்தான் பார்த்தான். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகளைப் பார்த்தேன். விரல் நிற்கும், உதடு அசையும், பிறகு விரல் ஓடும். வாயில் அந்தச் 'சரி' வரவில்லை.

உள்ளே போய், "ஏம்மா, கிளம்பு. வீட்டுக்குப் போவோம்" என்றேன்.

"இந்தக் காகிதக் கட்டு பாதியில நிக்கி வாப்பா."

"முடிச்சிட்டு வா. உம்மாகிட்ட நீயே சொல்லிக்கோ, நான் வாயத் திறக்க மாட்டேன்."

கீழே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அஸர் தொழுகைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. சீக்கிரம் வந்தாளா? அந்தக் கட்டுக்குள் இருந்த ஒருவரையும் விடாமல் ஓதி முடித்துவிட்டுத்தான் இறங்கி வந்தாள்.