சுருளியாண்டியைக் குழியில் இறக்கிய பயணம்

சென்ற மாசி மாதம் துப்பாக்கியும் கையுமாகச் சுருளிப்பட்டிக்குப் போய்வந்தேன். அந்தப் பக்கம் அருவியில் குளிக்கப் போகிறவர்கள் உண்டு, மலை பார்க்கப் போகிறவர்கள் உண்டு. நான் போனது ஒரு மனிதரைக் குழிக்குள் இறக்குவதற்காக. பயந்துவிடாதீர்கள், விவரமாகவே சொல்கிறேன்.

சுருளிப்பட்டி மலையடிவாரத்தில் வெள்ளாமை செய்கிற சிலரிடம், காட்டுப்பன்றியை விரட்ட லைசென்ஸ் வாங்கிய துப்பாக்கிகள் இருக்கின்றன. அறுப்பு முடிந்ததும் அவர்கள் வற்றிய கண்மாய்க்குள் கூடிக் குறி சுடுவார்கள். மூங்கில் சட்டத்தில் சாக்கை இழுத்துக் கட்டி, சுண்ணாம்பு பூசி, அதில் கரியால் பன்றி வரைந்திருக்கும். அறுபது கஜத்திலிருந்து ஆளுக்கு ஆறு வேட்டு. சட்டத்துக்கு அருகே ஓர் ஆள் ஆழத்துக்குக் குழி இருக்கும். அதற்குள் ஒருவர் உட்கார்ந்து, குறி பட்டால் சிவப்புத் துண்டைத் தூக்கிக் காட்டுவார். படாவிட்டால் விளக்குமாறு.

மதுரையில் நான் டிராயிங் வாத்தியார். வக்கீல் சேதுராமன்தான் நான்கு வருடங்களுக்கு முன் என்னை முதன்முதலில் அங்கே அழைத்துப் போனார். அன்றுமுதல் அந்தப் பன்றியை வரைவது நான். அதைச் சுடுவது மற்றவர்கள். நான்கு வருடத்தில் இருபத்து நான்கு வேட்டுப் போட்டு, பன்றியின் ஒரு மயிரைக்கூட நான் தொட்டதில்லை. ஒரு பனைமட்டை, இரண்டு கரையான் புற்று, சேதுராமனின் தண்ணீர்க் கூஜா, இவைதான் என் வேட்டை.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. குறிக்குழியில் இருக்கிற சுருளியாண்டி, மற்றவர்கள் சுடும்போது பதுங்கியிருப்பார். என் முறை வந்தால் மட்டும் மேலே ஏறி, குழிக்கரையில் சாவகாசமாக உட்கார்ந்து பீடி பற்றவைப்பார். சட்டத்திலிருந்து பத்தடிகூட இருக்காது. என் ஆறு வேட்டு முடியும்வரை விளக்குமாற்றைக் கீழே வைக்கவே மாட்டார். அறுபது பேர் சிரிக்கும்போது வாத்தியார் உத்தியோகம் பார்க்கிறவனுக்கு எப்படி இருக்கும்? இந்த வருடம் இவர் என் துப்பாக்கிக்குப் பயந்து குழிக்குள் இறங்கியே தீரவேண்டும் என்று சபதம் எடுத்தேன்.

ஐப்பசியிலிருந்து மொட்டைமாடியில் பயிற்சி. சுடுகிற நேரத்தில் நான் கண்ணை மூடிக்கொள்கிறேன் என்பது சேதுராமனின் குற்றச்சாட்டு. நான் ஒப்புக்கொள்ளவில்லை. என் மனைவி, தோட்டா போடாத துப்பாக்கியின் குழல்மேல் ஒரு புளியங்கொட்டையை வைப்பாள். விசையை இழுக்கும்போது அது விழக்கூடாது. தை பிறந்தபோது கொட்டை அசையாமல் நின்றது. கண்ணை மூடியதையும் அவள்தான் கண்டுபிடித்தாள்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு மதுரையில் ரயில். தேனிக்கு மூன்றாம் வகுப்பு பதினைந்து அணா. ஆண்டிபட்டிக் கணவாயில் வண்டி மூச்சு வாங்கி ஏறும்போது வலப்பக்கம் உட்காருங்கள், இடப்பக்கம் வெயில் அடிக்கும். பத்து மணிக்குத் தேனி. அங்கிருந்து கம்பம் இருபத்தைந்து மைல், பஸ்ஸுக்குப் பத்து அணா. சனிக்கிழமையானதால் குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போகிற கூட்டம் சின்னமனூர்வரை நெருக்கியடித்தது. சேதுராமன் சும்மா இருப்பாரா?

"இறங்கி ஒரு எள்விளக்குப் போட்டுவிட்டு வாரும். சனி உமது குழலுக்குள்ளேதான் உட்கார்ந்திருக்கிறான்" என்றார்.

பஸ்ஸே சிரித்தது. நான் ஜன்னல் வழியே பெரியாற்றுத் தண்ணீர் பாய்ந்த வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஒரு மணிக்குக் கம்பம். அங்கிருந்து சுருளிப்பட்டிக்கு மாட்டுவண்டி எட்டணா, ஒன்றேகால் மணி நேரம். வண்டிக்காரர் என் துப்பாக்கி உறையைப் பார்த்துவிட்டுச் சேதுராமனிடம் மெதுவாகக் கேட்டார்:

"ஏங்கய்யா, போன வருசம் கூசாவச் சுட்டாகளே, அந்த வாத்தியாரய்யா இவுகதேனா?"

"இவர்தான்."

"அப்ப நாளைக்குப் பிள்ளகுட்டியோட வரணும். எம் பொஞ்சாதியும் சிரிச்சு நாளாச்சு."

ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கண்மாயில் கூட்டம் சேர்ந்துவிட்டது. பன்றியை வழக்கம்போல நானே வரைந்தேன். இந்த முறை நல்ல கொழுத்த பன்றி. சேதுராமன் ஆறுக்கு நான்கு அடித்தார். உள்ளூர்க்காரர்களில் இரண்டு பேர் ஐந்து. பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்ட குரல் அடங்குவதற்குள் சுருளியாண்டி குழியிலிருந்து ஏறி, கரையில் துண்டை விரித்து உட்கார்ந்து, பீடியை எடுத்துவிட்டார்.

"வாத்தியாரய்யா, நிதானமாச் சுடுங்க. நான் இங்கனதேன் இருக்கேன்" என்று அங்கிருந்தே சத்தம் கொடுத்தார்.

முதல் வேட்டு கண்மாய்க்கரையில் மண்ணைக் கிளப்பியது. விளக்குமாறு ஆடியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதற்கு ஒரு வேலமரக் கிளை முறிந்தது. கூட்டத்தில் ஒருவர், "ஏலே, வெறகு பொறுக்க ஆள் அனுப்புங்கடா" என்றார். எனக்குக் காது சுட்டது. கண்ணைத் திறந்து வைத்துக்கொள், கொட்டை விழக்கூடாது என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு நான்காவது வேட்டைப் போட்டேன்.

படீரென்று ஒரு சத்தம். பன்றி அப்படியே நின்றது. ஆனால் சட்டத்தின் வலது மூங்கில் பிளந்து, ஒரு சிம்பு பறந்துபோய்ச் சுருளியாண்டியின் மடியில் விழுந்தது.

ஒருவரும் சிரிக்கவில்லை. சுருளியாண்டி சிம்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பீடியைத் தரையில் தேய்த்து அணைத்தார். துண்டை உதறித் தலையில் கட்டினார். வேட்டியை ஏற்றிக் கட்டிக்கொண்டு, விளக்குமாற்றோடு மெல்லக் குழிக்குள் இறங்கினார். அவர் தலைப்பாகை மறைந்த அந்த நிமிடம் எனக்குள் பொங்கிய பெருமையை எப்படி எழுதுவது? முதல் சம்பளம் வாங்கிய அன்றுகூட நான் அப்படி நெஞ்சை நிமிர்த்தி நின்றதில்லை.

ஐந்தாவது வேட்டுப் போடும்போது கண் கலங்கிவிட்டது, பன்றியே தெரியவில்லை. தவறியது. ஆறாவதும் தவறியது. இரண்டு முறையும் விளக்குமாறு குழிக்குள்ளிருந்துதான் எழுந்தது, அதைப் பிடித்த கைகூட வெளியே தெரியவில்லை. ஆறுக்குப் பூஜ்யம் வாங்கிய நான் நடந்து வந்த நடையைப் பார்த்து, நான்கு அடித்த சேதுராமனுக்கு எரிச்சலே வந்துவிட்டது.

மத்தியானம் புளியந்தோப்பில் சாப்பாடு. இலை போட்டதும் சுருளியாண்டி என்னிடம் வந்தார். அந்தச் சிம்பை என் கையில் வைத்தார்.

"வச்சுக்கங்க வாத்தியாரய்யா, ஒங்க சொத்து. ஆனா ஒண்ணு சொல்லணும், கோவிச்சுக்கப்படாது."

"சொல்லுங்கள்."

"குழிக்குள்ள வேக்காடு தாங்காது. காலையில எறங்குனா, மத்தியானம் வரைக்கும் மூச்சு முட்டும். நீங்க சுடுற ஆறு வேட்டுந்தேன் நான் மேல ஏறிக் காத்து வாங்குற நேரம். நாலு வருசமா அத நம்பித்தேன் இந்த வேலைக்கே ஒத்துக்கிட்டேன். அதையும் கெடுத்துப்புட்டீகளே!"

சேதுராமன் இலையில் குனிந்துகொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் சிம்பைப் பத்திரமாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இப்போது அது என் மேஜைமேல், தூரிகைகளோடு இருக்கிறது. பன்றியை யார் வேண்டுமானாலும் சுடலாம். ஓர் ஊரே பார்த்திருக்க, தைரியமாக உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து ஒருவரை எழுப்பியவன் நான் ஒருவன்தான்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். லைசென்ஸ் காகிதத்தைக் கையிலேயே வைத்திருங்கள், கம்பத்தில் கேட்பார்கள். மாசியில் பகலில் வெயில், விடியற்காலையில் குளிர். போர்வை வேண்டும். கண்மாய்க்குள் குடிதண்ணீர் கிடையாது. கூஜா கொண்டுபோங்கள், ஆனால் எனக்கு இடப்பக்கம் வைக்காதீர்கள். அடுத்த மாசியில் நானும் அங்கே இருப்பேன். என் பெயரைக் கூப்பிட்டதும், யாராக இருந்தாலும், தயவுசெய்து குழிக்குள் இறங்கிவிடுங்கள். காற்று வாங்க வேறு நேரம் பார்த்துக்கொள்ளலாம்.