நடுவை அழிக்கிறவள்

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் அழிரப்பர். கோபப்பட வேண்டியவள், கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள். வேலையே அதுதானே.

சில கேலக்ஸிகளின் நடுவில் ஒரு கருந்துளை உட்கார்ந்து அக்கம்பக்கத்தை அள்ளி விழுங்கிக்கொண்டிருக்கும். உள்ளே விழப்போவதெல்லாம் கடைசியாக ஒருமுறை கொதித்து ஒளிரும். அந்த வெளிச்சம் கண்ணைப் பறிக்கும். அதைச் சுற்றிப் பல லட்சம் டிகிரி சூட்டில் மெல்லிய வாயு பரவியிருக்கும், எக்ஸ்ரே தொலைநோக்கிக்கு மட்டும் தெரிகிற மாதிரி. நடு வெளிச்சத்தைக் கணக்குப் பண்ணிக் கழித்தால்தான் வாயு முகம் காட்டும். கழிப்பது அவள். கல்யாண போட்டோவில்கூட மணமக்களைக் கட்டைவிரலால் மறைத்துவிட்டுச் சுற்றி நிற்பவர்களைத்தான் பார்ப்பாள். அவளுடைய நாத்தனாருக்கு அதில் இன்னும் வருத்தம்.

பக்கத்துக் கேலக்ஸி ஒன்றில், நடுவைக் கழித்ததும் அழகாக ஒரு வளையம் தெரிந்தது. யாரும் இதுவரை பார்க்காத வாயு. குழுத் தலைவர் கட்டுரை எழுதத் தொடங்கிவிட்டார். அதில் முதல் பெயர் அவளுடையது, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக. பேக்கரியில் கேக் போடுகிற கணவர் சும்மா இருப்பாரா? சதுரக் கேக்கின் மேல் வெள்ளை க்ரீமில் அதே வளையத்தை வரைந்து கொண்டுவந்து, கட்டுரை போனதும் வெட்டலாம் என்று ஃப்ரிட்ஜில் வைத்தார்.

மறுநாள் அலுவலகத்தில் டிபன் டப்பா கழுவும்போது அவளுக்கு ஒரு தப்பு உறைத்தது. எந்தத் தொலைநோக்கியும் ஒளியைக் கொஞ்சம் கலங்கடித்துத்தான் காட்டும். படத்தின் ஓரத்தில் கலங்கல் இன்னும் அதிகம். எவ்வளவு கலங்கும் என்று பார்க்க அவள் எடுத்துக்கொண்டது படத்தின் நடுவில் இருந்த நட்சத்திரம். கேலக்ஸியோ ஓரத்தில் இருந்தது. அப்படியானால் வளையம் வாயுவா, வெறும் கலங்கலா? சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற சாமர்த்தியம் அவளுக்குக் கிடையாது.

“சார், தப்பு பண்ணிட்டேன். அனுப்பாதீங்க” என்று தலைவரிடம் போட்டு உடைத்தாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வளையம் போயிடுமாம்மா?”

“போனாலும் போகும் சார்.”

“போனா போகட்டும். ஓரத்து நட்சத்திரத்தை வெச்சுத் திரும்பப் போடு.”

போட்டாள். வளையம் கரைந்துகொண்டே வந்தது, அவளுக்கு அழுகை முட்டியது. ஆனால் இடது மேல் மூலையில் ஒரு கீற்று மட்டும் அசையவில்லை. இன்னும் கூடுதலாகக் கழித்துப் பார்த்தாள். நகத்தால் சுரண்டினாலும் போகாத கறை மாதிரி அங்கேயே இருந்தது. அது வாயுதான்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். “பெரிசா தெரிஞ்சதெல்லாம் பொய்ங்க. கொஞ்சூண்டுதான் இருக்கு. ஆனா அது நிஜம்.”

அவர் கேக்கை எடுத்து மேஜையில் வைத்து, க்ரீம் வழிக்கிற கத்தியைக் கையில் எடுத்தார்.

“எந்தப் பக்கம் இருக்கு?”

“இடது பக்கம், மேல.”

மற்றதையெல்லாம் வழித்துவிட்டு அந்தக் கீற்றை மட்டும் விட்டார். வளையத்தைவிட இதுதான் அவளுக்குப் பிடித்திருந்தது. வீட்டில் எல்லோருக்கும் வெட்டிக் கொடுத்தாள், நாத்தனாருக்குப் பெரிய துண்டாகவே. அந்த மூலைத் துண்டை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை.