கோட்டுக்குள் ஒரு பை

ஹென்டர்சன் என்ற வெளிநாட்டுப் புறநகரில் ஒரு படப்பிடிப்புக் கூடத்தில் நான் உடை தைத்துக்கொண்டிருந்தபோது ஒரு கொரிய நடிகை வந்தார். தன் நாட்டில் பாடகியாகவும் பெயர் வாங்கியவர். ஒல்லியான, நிமிர்ந்த உருவம். வாயைத் திறக்குமுன் கதவைப் பார்ப்பார். அங்கே அவருடைய மேனேஜர் நிற்பார்.

"அந்தாள் இவவைத் தனியக் கதைக்க விடுறேல்லை, கவனிச்சனீரோ?" என்றார் என்னோடு தைக்கும் யாழ்ப்பாணத்து அக்கா.

"ஆமாக்கா, பாத்தேன்."

ஒருநாள் பொத்தான் அறுந்துவிட்டதென்று நடிகை தன் சொந்தக் கோட்டைக் கொண்டுவந்தார். மேனேஜர் போன் பேச வெளியே போனதும் என் கையைப் பிடித்தார்.

"உள்ளே ஒரு பை வேண்டும். பாஸ்போர்ட் அளவு. அவருக்குத் தெரியக் கூடாது" என்றார் ஆங்கிலத்தில்.

அன்று மாலையே லைனிங் துணிக்குப் பின்னால் பை வைத்துத் தைத்துக் கொடுத்தேன். அதைத் தடவிப் பார்த்தபடி ஒரு பாட்டு வரியை முணுமுணுத்தார். அவர் பாடி நான் கேட்டது அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் அவர் படப்பிடிப்புக்கு வரவில்லை. மேனேஜர்தான் தையல் அறைக்கு வந்தார்.

"கோட்டுக்குள் பை தைத்தது நீதானே?"

"பொத்தான்தான் தைத்தேன்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, என் பெயர் அட்டையை போனில் படம் எடுத்துக்கொண்டு போனார்.

போலீஸில் எல்லாவற்றையும் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். நடிகையின் வேடத்துக்கு வேறொருத்தி வந்தாள்.

"அவ தப்பியிருப்பா" என்கிறார் அக்கா. எனக்கும் நம்ப ஆசைதான். ஆனால் அந்தக் கோட்டைக் கையில் எடுத்துப் பார்க்காமல், பை இருப்பது மேனேஜருக்கு எப்படித் தெரிந்திருக்கும்?