முன் ஆக்சிலுக்கு ஒரு லாக்

மருத்துவமனை ஜீப்பை இருபத்தாறு வருஷமாக மலைக்கு ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தவருக்குப் 'பெல்ட்டுக்காரர்' என்று பெயர். எப்போதோ நடுவழியில் ஃபேன் பெல்ட் அறுந்துபோக, தன் இடுப்புப் பெல்ட்டைக் கழற்றிக் கட்டி வண்டியைக் கீழே கொண்டுவந்து சேர்த்தாராம். ஒரு கையால் ஸ்டியரிங்கையும் மறு கையால் பேண்டையும் பிடித்துக்கொண்டே இறங்கினார் என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். இப்போதெல்லாம் சிரிப்பதற்கே அவருக்கு அலுப்பாக இருந்தது.

போன மழையில் மூன்றாவது வளைவுக்குக் கீழே இருக்கும் பள்ளத்தில் வண்டி இரண்டு முறை மாட்டியது. முன்பக்கம் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் முன் ஆக்சிலுக்கு வருகிற இன்ஜின் பலமெல்லாம் அந்தச் சக்கரத்துக்கே போய்விடும். அது காற்றில் சுற்றும், தரையில் இருக்கிற சக்கரம் தேமே என்று நிற்கும். இரண்டாவது முறை உள்ளே பிரசவ வலியோடு ஒரு பெண் இருந்தாள். நாலு பேர் அவளை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு சேற்றில் இறங்கினார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தது யார் செய்த புண்ணியமோ. அதன்பிறகுதான் இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டுகிற லாக் ஒன்றை முன் ஆக்சிலுக்கும் போட்டுத் தருவதாக மேலிடம் மனமிறங்கியது. எந்த வகை வேண்டும், ஏன் வேண்டும் என்று ஓட்டுகிறவரே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒரு படிவமும் வந்தது.

பட்டறையில் மெக்கானிக் இரண்டையும் விளக்கினார். அவருக்கு 'வாய்தா' என்று பெயர். எந்த வண்டியையும் சொன்ன தேதியில் கொடுத்ததாகச் சரித்திரமே இல்லை. ஒன்று, தானாகப் பூட்டிக்கொள்ளும் லாக். நாலு சக்கரமும் இழுக்கிற ஃபோர் வீலில் போட்டு ஆக்சிலேட்டரை மிதித்தால் போதும், இரண்டு முன்சக்கரமும் சேர்ந்தே சுற்றும். குழாய் இல்லை, ஒயர் இல்லை. ஆனால் வளைவிலும் அது பிடித்தபடியே இருக்கும், ஸ்டியரிங் கல்லாக இறுகும், இரண்டு கையாலும் மல்லுக்கட்ட வேண்டும். மற்றது, காற்றால் வேலை செய்கிற சுவிட்ச் லாக். பள்ளத்தில் மட்டும் போட்டுவிட்டு வளைவுக்கு முன்னால் எடுத்துவிடலாம். அதற்குப் பம்ப், குழாய், ஒயர் என்று ஏகப்பட்ட சங்கதிகள், சேற்றில் எது எப்போது காலை வாரும் என்று சொல்ல முடியாது.

வண்டியில் ஒரு குழாய் கூடினால் தனக்கு ஒரு தலைவலி கூடும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர் பெல்ட்டுக்காரர். அவர் எதைக் கேட்பார் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. அங்கேதான் மனுஷன் வசமாக மாட்டிக்கொண்டார்.

அவருடைய வலது தோள் செத்துப்போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கை இடுப்புக்கு மேல் எழும்பாது. காலையில் சட்டையை மனைவிதான் மாட்டிவிடுவாள். டாக்டரிடம் காட்டுங்கள் என்று ஆரம்பத்தில் தினமும் சொன்னாள், பிறகு சொல்வதை விட்டுவிட்டுப் பொத்தானை மட்டும் போட்டுவிட்டாள். மருத்துவமனை வண்டியை ஓட்டுகிறவர் அதே மருத்துவமனையில் தோளைக் காட்டவில்லை. காட்டினால் ஏட்டில் ஏறும், ஏறினால் சாவியைப் பிடுங்கிக்கொள்வார்கள். அந்தச் சாவி போனால் தான் யார் என்று அவருக்குத் தெரியாது. பயம் அதுதான்.

இத்தனை நாள் இது வெளியே தெரியாமல் இருந்ததற்குக் காரணம், ஒன்பது வருஷமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வரும் நர்ஸ். ஒருநாள் வளைவில் அவர் கியர் மாற்ற இடது கையை எடுத்தார். வலது கையால் ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியவில்லை, வண்டி ஓரத்துக்குச் சாய்ந்தது. நர்ஸ் பார்த்தாள். அடுத்த வளைவில் கியர் தண்டின் மேல் தன் கையை வைத்தாள். அன்றிலிருந்து அவர் கிளட்சை மிதித்து "ரெண்டு" என்பார், அவள் இரண்டாவது கியரைப் போடுவாள். "ஒண்ணு" என்பார், போடுவாள். தடுப்பூசிப் பெட்டியை மடியில் வைத்தபடியே அவள் அதில் கைதேர்ந்துவிட்டாள். இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

படிவத்தில் அவர் தானியங்கி லாக் என்ற இடத்தில் டிக் அடித்தார். காரணம் என்ற இடத்தில் 'பராமரிப்பு குறைவு' என்று எழுதி மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டு வந்தார். சுவிட்ச் கேட்டால் பெல்ட்டுக்காரனுக்கு என்ன ஆச்சு என்று நாலு பேர் கேட்பார்கள், அதற்கு இது தேவலை என்று நினைத்தார். வளைவை எப்படித் திருப்புவது என்று நினைத்துப் பார்க்கவே இல்லை.

மறுநாள் மலையேறும்போது நர்ஸ் எதைக் கேட்டீர்கள் என்று விசாரித்தாள். சொன்னார். மூன்றாவது வளைவு வந்தது. "ஒண்ணு" என்றார். அவள் போட்டாள். கையை எடுக்காமலே சொன்னாள்.

"அண்ணே, கியர்னா நான் போட்டுடுவேன். ஸ்டியரிங்கை நான் எப்படிண்ணே பிடிக்கறது?"

அன்றைக்கு மேலிருந்து இரண்டு கர்ப்பிணிகளை ஏற்றிக்கொண்டு இறங்கினார்கள். இறங்கும் வழியெல்லாம் பின்னால் இருந்தவர்களைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார். தன் மேலேயே அவருக்கு வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் பட்டறைக்குப் போனார். படிவம் மேலிடத்துக்குப் போயிருந்தால் எல்லாம் முடிந்தது. ஆனால் வாய்தா வாய்தாதானே, அது இன்னும் மேஜை மேல் ஒரு பழைய பேரிங்குக்கு அடியில் கிடந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக அந்த மனுஷனின் சோம்பலை அவர் மனதாரக் கும்பிட்டார்.

"சோம்பல் இல்லய்யா, வேணும்னுதான் வச்சிருந்தேன்" என்றார் மெக்கானிக். "உன் ஸ்டியரிங் உறையைப் பாத்தேன். இடது பக்கம் நூல் நூலாத் தேஞ்சிருக்கு, வலது பக்கம் வாங்கின மாதிரியே இருக்கு. நீயா வந்து சொல்லுவேன்னு இருந்தேன்."

பிறகு அவரே புதுப் படிவம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். சுவிட்ச் லாக் என்று போடு, வளைவில் ஸ்டியரிங் இறுகும் என்று காரணம் எழுது, அதில் பொய் ஒன்றும் இல்லையே, தோளைப் பற்றி எவனுக்கும் தெரிய வேண்டாம் என்று வழியும் சொன்னார். நல்ல வழிதான். பெல்ட்டுக்காரர் பேனாவை வாங்கிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். இன்னும் எத்தனை மழைக்கு "ரெண்டு", "ஒண்ணு" என்று சொல்லிக்கொண்டிருப்பது என்று நினைத்தார். களைப்பாக இருந்தது. மறைப்பதற்கும் தெம்பு வேண்டும், அது அவரிடம் தீர்ந்துபோயிருந்தது. சுவிட்ச் லாக் என்று டிக் அடித்து, அடியில் இடது கையால் கோணல்மாணலாக எழுதினார்: 'ஸ்டியரிங் இறுகினால் திருப்ப முடியாது. எனக்கு வலது தோள் வேலை செய்யவில்லை. இப்போதும் நர்ஸ்தான் கியர் போடுகிறார்.'

ஒரு மாதத்தில் லாக் வந்தது. அதற்கு முன்பே சாவியை வாங்கிக்கொண்டு அவரை மருந்து ஸ்டோருக்கு மாற்றியிருந்தார்கள். புது டிரைவர் சுறுசுறுப்பான பெண். முதல் மழையில் பள்ளத்தில் சுவிட்சைப் போட்டு, வளைவுக்கு முன்னால் எடுத்து, அலுங்காமல் ஏறி இறங்கிவிட்டாள். ஸ்டோர் ஜன்னல் வழியாகப் பெல்ட்டுக்காரர் வண்டி சேறும் சகதியுமாக வந்து நிற்பதைப் பார்த்தார். நர்ஸ் தடுப்பூசிப் பெட்டியைத் திருப்பித் தர உள்ளே வந்தாள்.

"வண்டி எப்படிம்மா?" என்று கேட்டார்.

நல்லா இருக்கு என்றாள். பெட்டியை மேஜையில் வைத்தாள்.

"மூணாவது வளைவுல அந்தப் பொண்ணு கியரைத் தொடப் போச்சு, அங்க என் கை இருக்குண்ணே. எப்ப வச்சேன்னே தெரியல."

அவர் பெட்டியைத் திறந்து மிச்சமிருந்த மருந்தை எண்ண ஆரம்பித்தார். எண்ணிக்கை இரண்டு முறை தவறிப்போனது.